கொடிக்கு 158 யார், மட்டைக்கு 166 யார்: கோல்ஃப் கேமில் தூரம் கணிக்கப் பழகுவோருக்கு

பாடசாலை விடுமுறைக்கு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்ற என் அக்காவின் மகன், கோல்ஃப் வீடியோ கேம் ஒன்றை முதன்முதலாகத் திறந்த மாலையே ஒரு முறைப்பாட்டோடு என்னிடம் வந்தான். திரையில் கொடி 158 யார் தூரத்தில் நின்றது. கையிலிருந்த 7 அயர்ன் என்ற மட்டை 166 யார் போகும் என்று அதே திரை சொன்னது. எட்டு யார் மிச்சம் இருக்கிறதே என்ற துணிவில் முழுப் பலத்தோடு அடித்தான். பந்து அழகாக எழுந்து, கிரீனுக்கு, அதாவது கொடி நிற்கும் வழவழப்பான புல்திடலுக்கு, முன்னாலிருந்த மணற்குழியில் விழுந்தது. அதே இடத்திலிருந்து மறுபடி அடித்தான், மறுபடியும் மணல்.

"மாமா, இந்த மட்டை பொய் சொல்லுது" என்றான்.

"மட்டை பொய் சொல்லேல்லை. அது சொன்னதில பாதியைத்தான் நீ கேட்டனி" என்று சொல்லி, அவனுடைய பழைய சதுர றூள் கொப்பி ஒன்றை எடுத்து வரச் சொன்னேன். அன்று அவனுக்குச் சொன்னவற்றையும், அடுத்த சில நாட்களில் இருவருமாக அடித்துப் பார்த்துத் திருத்திக்கொண்டவற்றையும், புதிதாக இந்த விளையாட்டைத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கிரீனில் பந்தை உருட்டும் வேலை வேறு கலை என்பதால் அதை இதில் சேர்க்கவில்லை.

அந்த எண் எதைச் சொல்கிறது

முதலில் அளவு. கோல்ஃப் கேம்கள் பெரும்பாலும் யாரில் பேசும். புறக்கோட்டைத் துணிக்கடைகளில் மூத்தவர்கள் இன்றும் வாய்தவறிச் சொல்லும் அதே யார்தான், 0.9144 மீற்றர். அமைப்புகளில் மீற்றருக்கு மாற்றிக்கொள்ளும் வசதி பல கேம்களில் உண்டு. எதையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றைத் தெரிவுசெய்தபின் மாற்றக்கூடாது. கீழே சொல்லப்போகும் கணக்கு முழுவதும் மனத்தில் ஊறவேண்டிய கணக்கு. உயரம் மட்டும் சில கேம்களில் அடியில் காட்டப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும். "12 அடி மேலே" என்றால் அது நான்கு யார். பன்னிரண்டு யார் என்று வாசித்துப் பந்தைக் கிரீனுக்கு அப்பால் அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

மட்டைக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் தூரம், காற்றே இல்லாத நாளில், சமதரையில், நன்றாக வெட்டிய ஃபெயார்வே புல்லின்மேல் இருக்கும் பந்தை, ஸ்பின் எனப்படும் சுழற்சி எதையும் மாற்றாமல், முழுப் பலத்தோடு, பிழையின்றி அடித்தால் கிடைக்கும் தூரம். இந்த ஆறு நிபந்தனைகளும் ஒன்றாக அமைவது பயிற்சித் திடலில் மட்டுந்தான். ஆகவே அந்த எண்ணைக் கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டாக எடுத்துக்கொள்ளாமல், பேரம் தொடங்கும் விலையாக எடுத்துக்கொள்வதே சரி.

அந்த எண்ணுக்குள் இன்னொரு மறைவு உண்டு. பந்து காற்றில் பறந்து முதன்முதலாக நிலத்தைத் தொடும் தூரம் ஒன்று, அதன்பின் துள்ளி உருண்டு நிற்கும் தூரம் இன்னொன்று. முதலாவதைக் கேரி என்பார்கள். சில கேம்கள் கேரியைக் காட்டும், சில மொத்தத் தூரத்தைக் காட்டும். உங்கள் கேம் எதைக் காட்டுகிறது என்பதை அறிய, காற்றில்லாத பயிற்சித் திடலில் 7 அயர்னால் ஓர் அடி அடித்து, பந்து விழுந்த இடத்தையும் நின்ற இடத்தையும் பாருங்கள். இதை அறியாமல் மேற்கொண்டு வாசிப்பதில் பயனில்லை, ஏனென்றால் மணலையும் நீரையும் தாண்டுவதற்குக் கேரிதான் கணக்கு, கொடிக்கு அருகில் நிற்பதற்கு மொத்தத் தூரந்தான் கணக்கு.

மெய்யான கோல்ஃபோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்காக: அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் சராசரிக் கேரி என்று பரவலாக வழங்கும் அட்டவணையில் மிக நெடுந்தூரம் அடிக்கும் டிரைவருக்கு 275 யாரும், 7 அயர்னுக்கு 172 யாரும், குறுந்தூர மட்டையான பிட்சிங் வெட்ஜுக்கு 136 யாரும் இருக்கும். அயர்னின் எண் கூடக் கூடத் தூரம் குறையும். 7 அயர்னிலிருந்து வெட்ஜ் வரை ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே 12 யார் வித்தியாசம். கேம்களும் ஏறக்குறைய இந்த இடைவெளியையே வைத்திருக்கும். இதன் பொருள், உங்கள் கணிப்பில் ஆறு யாருக்கு மேல் பிழை நேர்ந்தாலே நீங்கள் தவறான மட்டையைக் கையில் எடுத்துவிட்டீர்கள் என்பது.

கொப்பி

போட்டிக்குள் நுழையும் முன் பயிற்சித் திடலில் ஒரு மாலை செலவழியுங்கள். காற்றின் வேகத்தையும் திசையையும் நாமே வைக்கக்கூடிய பயிற்சி முறை இருக்கும் கேமாக இருந்தால் பாக்கியம். இல்லாவிட்டால் காற்றுக் குறைந்த மைதானம் ஒன்றைத் தேடி, அதன் முதலாவது குழியிலேயே திரும்பத் திரும்ப அடிக்கலாம்.

பதினான்கு மட்டைகளையும் அளக்க வேண்டியதில்லை. டிரைவர், 5 அயர்ன், 8 அயர்ன், பிட்சிங் வெட்ஜ் ஆகிய நான்கு போதும். மற்றவை இவற்றுக்கு இடையில் அடங்கும். ஒவ்வொன்றாலும் ஐந்து நல்ல அடிகள் காற்றில்லாமல், ஐந்து அடிகள் மணிக்கு 10 மைல் எதிர்க்காற்றில், ஐந்து பின்காற்றில், ஐந்து பக்கக் காற்றில். ஒவ்வோர் அடிக்கும் விழுந்த இடம், நின்ற இடம், பக்கவாட்டில் விலகிய அளவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மொத்தம் எண்பது அடி. சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. என் மருமகன் முப்பதாவது அடியிலேயே "மாமா, மிச்சத்தை நீங்கள் அடியுங்கோவன்" என்று எழுந்துவிட்டான். ஆனால் இணையத்தில் யாரோ தயாரித்த அட்டவணையைவிட இந்தக் கொப்பி நூறு மடங்கு பயன்படும், ஏனெனில் அது உங்கள் கேமின், உங்கள் ஆட்டக்காரனின், உங்கள் விரலின் அட்டவணை.

இதில் ஓர் எச்சரிக்கை. பொத்தானைப் பிந்தியோ முந்தியோ அழுத்திய அடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொடங்க ஒன்று, பலத்துக்கு ஒன்று, துல்லியத்துக்கு ஒன்று என மூன்று முறை பொத்தானை அழுத்தி அடிக்கும் முறை, 1984 இல் நின்டெண்டோ வெளியிட்ட கோல்ஃப் கேமின் காலத்திலிருந்தே பழக்கத்தில் உள்ளது. பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைவரான சடோரு இவாடாதான் அதற்கு நிரல் எழுதியவர். எவ்ரிபடிஸ் கோல்ஃப் போன்றவை அந்த மரபில் வந்தவை. பிஜிஏ டூர் 2கே வரிசையிலோ கட்டுப்படுத்தியிலுள்ள குச்சியைப் பின்னிழுத்து முன்தள்ளி வீசுவதே வழக்கம். எந்த முறையாயினும், தொலைக்காட்சிப் பெட்டி படத்தைத் தாமதமாகக் காட்டினால் உங்கள் விரல் சரியாக இருந்தும் அடி பிழைக்கும். தொலைக்காட்சியின் பட அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருந்தால் அதைப் போட்ட பிறகே அளக்கத் தொடங்குங்கள். விரலின் பிழையைக் காற்றின்மேல் ஏற்றி எழுதிய கொப்பியால் பயன் கிடைக்காது.

காற்று

காற்றின் அம்புக்குறியை வாசிப்பதிலேயே கொழும்பில் இருக்கிற நமக்கு ஒரு தடுமாற்றம் வரும். தென்மேற்குப் பருவக்காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்றாலும் அப்படித்தான், எங்கிருந்து வருகிறதோ அதுவே அதன் பெயர். கேமின் அம்புக்குறியோ காற்று போகும் பக்கத்தைக் காட்டும். அம்பின் முனை உங்களை நோக்கிக் கீழே இருந்தால் அது எதிர்க்காற்று. கொடியை நோக்கி மேலே இருந்தால் பின்காற்று. காலிமுகத்திடலில் பட்டம் விட்டவர்களுக்கு இதை நினைவில் வைப்பது எளிது: அம்பு என்பது பட்டம் போகும் பக்கம்.

அடுத்து, பெரும்பாலான கேம்களில் நீங்கள் குறியைத் திருப்பும்போது அம்பும் சேர்ந்து திரும்பும். ஆகவே முதலில் கொடியை நோக்கிக் குறிவைத்து, அதன் பிறகே அம்பை வாசிக்க வேண்டும். வேகத்தின் அலகையும் ஒருமுறை பாருங்கள். வினாடிக்கு மீற்றரில் காட்டும் கேம்களில் 5 என்பது மணிக்கு 11 மைலுக்குச் சற்று மேல். "ஐந்துதானே, மென்காற்று" என்று எண்ணினால் அரை மட்டைத் தூரம் பறிபோகும்.

இனிக் கணக்கு. மெய்யான கோல்ஃபில் வழங்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு: எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைலாக இருந்தால் தூரத்தில் நூற்றுக்கு ஒன்றைக் கூட்டிக்கொள், பின்காற்று மணிக்கு ஒரு மைலாக இருந்தால் நூற்றுக்கு அரையைக் கழித்துக்கொள். 150 யார் தூரத்தில் 10 மைல் எதிர்க்காற்று என்றால் 165 யாருக்கு அடிக்க வேண்டும். அதே காற்று பின்னால் இருந்தால் 142 அல்லது 143 யாருக்கு அடிக்க வேண்டும். எதிர்க்காற்று பறிக்கும் அளவைப் பின்காற்று திருப்பித் தராது என்பதே புதியவர்கள் முதலில் பதித்துக்கொள்ள வேண்டிய விடயம்.

காரணத்தையும் அறிந்துகொண்டால் மறக்காது. காற்றின் தடை, பந்துக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். எதிர்க்காற்றில் அந்த வேகம் கூடுகிறது. அதோடு, பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கும் பந்தை எதிர்க்காற்று இன்னும் மேலே தூக்கும். மேலே போன பந்து முன்னே போகாமல் தொங்கி, செங்குத்தாக இறங்கும். பின்காற்றில் இதற்கு எதிர்மாறு: காற்று பந்தைத் தள்ளுகிறதுதான், ஆனால் தூக்கும் விசை குறைவதால் பந்து முன்னதாகவே இறங்கத் தொடங்கிவிடும். தள்ளியதில் ஒரு பங்கை இறங்கியதால் இழக்கிறோம். இதே காரணத்தால் எதிர்க்காற்றில் விழும் பந்து அதிகம் உருளாது, பின்காற்றில் தட்டையாக விழும் பந்து ஓடும்.

இயற்பியலை நேர்மையாகப் பின்பற்றும் கேம்களில் இந்தக் கைக்கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். சிறுவர்களுக்கும் ஏற்ற வகையில் எளிமையாக்கப்பட்ட கேம்களில் எதிர்க்காற்றும் பின்காற்றும் ஒரே அளவாக இருக்கக்கூடும். கைபேசியில் விளையாடும் கோல்ஃப் கிளாஷில், குறியைச் சுற்றியுள்ள வளையங்களை எண்ணி, ஒரு வளையத்துக்கு இத்தனை மைல் என்று மட்டைக்கு மட்டை வேறுபடுத்தி நகர்த்துவதே பழகியவர்களின் முறை. எனவே நூற்றுக்கு ஒன்று, நூற்றுக்கு அரை என்பவற்றைத் தொடக்கமாக வைத்து, கொப்பி என்ன சொல்கிறதோ அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நேர் எதிரேயும் நேர் பின்னேயும் காற்று வீசுவது அபூர்வம். அது சரிவாகத்தான் வரும். சரிவுக் காற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும், பந்தின் வழியோடு செல்லும் பங்கு, குறுக்கே செல்லும் பங்கு. சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொடி 12 மணியில் இருக்கிறது, நீங்கள் 6 மணியில். அம்பு 12 அல்லது 6 ஐக் காட்டினால் முழுக் காற்றும் தூரத்தோடு சேரும். 1, 5, 7, 11 ஆகியவற்றில் ஒன்றைக் காட்டினால் காற்றின் 87 சதவீதம் தூரத்துக்கும் 50 சதவீதம் குறுக்குக்கும் போகும். 2, 4, 8, 10 ஆக இருந்தால் இது தலைகீழாகும்: தூரத்துக்கு 50, குறுக்குக்கு 87. மூன்றையும் ஒன்பதையும் காட்டினால் முழுவதும் குறுக்குக் காற்று. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே, அதாவது 45 பாகையில், இரண்டுக்கும் 70 சதவீதம். கூட்டினால் நூறுக்கு மேல் வருகிறதே என்று என் மருமகன் கேட்டான்; செங்கோண முக்கோணத்தின் இரு சிறிய பக்கங்களைக் கூட்டினால் கர்ணத்தைவிடக் கூடுதலாகத்தானே வரும் என்றதும் விளங்கிக்கொண்டான்.

குறுக்குக் காற்றுக்கு மட்டையை மாற்ற வேண்டியதில்லை, குறியை நகர்த்தினால் போதும். எவ்வளவு என்பதைக் கொப்பியிலிருந்தே எடுக்க வேண்டும். பந்து அதிக நேரம் காற்றில் இருக்கும் அடிகளுக்கு விலகலும் அதிகம். பந்தை வளைத்து அடிக்கும் வித்தையை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். நேராக அடித்து, காற்றே வளைக்கட்டும் என்று விடுங்கள்.

காற்றைப் பற்றி ஓர் இடைச்செருகல். கொழும்பின் புழுக்கத்தில் காற்று கனமாக இருக்கிறது, அதனால் பந்து குறைவாகப் போகும் என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட உண்மையில் இலேசானது; நீராவியின் மூலக்கூறு நைதரசனின் மூலக்கூற்றைவிட எடை குறைந்தது. வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் எந்தப் பக்கமும் கவலைப்பட வேண்டியதில்லை. உயரம் அப்படியன்று. பொரளைக்கு அருகே, களனிவெளிப் பாதையில் போகிறவர்கள் புகையிரத யன்னலாலேயே காணக்கூடிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் மைதானம் கடல் மட்டத்தை ஒட்டியது. 1889 இலிருந்து கோல்ஃப் விளையாடப்படும் நுவரெலியாவோ ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அடர்த்தி குறைந்த அந்தக் காற்றில் அதே அடி நூற்றுக்கு ஏழு அளவில் கூடுதலாகப் பறக்கும் என்பது வழக்கமான கைக்கணக்கு. உங்கள் கேமில் மலைநாட்டு மைதானம் ஒன்று வந்து, காற்றில்லாத போதும் எல்லா மட்டைகளும் கூடப் போனால், காரணம் இதுவாக இருக்கலாம்.

ஏற்றமும் புல்லும்

இவை எளியவை. கிரீன் உங்கள் பந்தைவிட உயரத்தில் இருந்தால் அத்தனை யாரைக் கூட்டுங்கள். தாழ்வில் இருந்தால் கழியுங்கள். ஒரு யாருக்கு ஒரு யார். வெட்ஜ் போன்ற செங்குத்தாக இறங்கும் மட்டைகளுக்கு இதைவிடச் சற்றுக் குறைவாகவும், தட்டையாகப் பறக்கும் நீண்ட மட்டைகளுக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். முதல் மாதத்தில் அந்த நுணுக்கம் தேவையில்லை.

பந்து உயரமான புல்லில், அதாவது ரஃபில் கிடந்தால், பல கேம்கள் 90 சதவீதம் அல்லது 80 இலிருந்து 85 சதவீதம் என்று காட்டும். 150 யார் போக வேண்டும், பந்து 90 சதவீதத்தில் கிடக்கிறது என்றால், 150 ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும்: 167. பத்து சதவீதத்தைக் கூட்டி 165 என்று போடுவது பிழை. 70 சதவீதம் போன்ற மோசமான கிடப்பில் இந்தப் பிழை பெருத்துவிடும். புல் மட்டைக்கும் பந்துக்கும் நடுவே வருவதால் ஸ்பின்னும் குறையும், ஆகவே விழுந்தபின் கூடுதலாக உருளும் என்று எதிர்பாருங்கள்.

ஸ்பின்

ஸ்பின்னைக் கடைசியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அது பறக்கும் தூரத்தையும் உருளும் தூரத்தையும் ஒருங்கே மாற்றும். மற்றவற்றைத் தீர்க்காமல் அதைத் தொட்டால், எது எதை மாற்றியது என்று தெரியாமல் போகும்.

கோல்ஃப் பந்து 42.67 மில்லிமீற்றருக்குக் குறையாத விட்டமும் 45.93 கிராமுக்கு மேற்படாத எடையும் உள்ளது. மேலெல்லாம் சிறு குழிகள். மட்டையின் சரிந்த முகம் அதைப் பின்னோக்கிச் சுழற்றி அனுப்புகிறது. பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் டிரைவர் அடியில் நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்று, பிட்சிங் வெட்ஜில் 9,000 ஐத் தாண்டும். பின்னோக்கிச் சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ளி, தான் மேலே தூக்கப்படுகிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் மறுபக்கம் தெரியும்: முன்னோக்கிச் சுழலும்படி விடப்பட்ட முரளிதரனின் பந்து, துடுப்பாட்டக்காரர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே சட்டென்று இறங்கும். விசை அதேதான், திசைதான் மாறியிருக்கிறது.

கேமில் பந்தின் படத்தின்மேல் ஒரு புள்ளியை நகர்த்தியோ, குச்சியை அசைத்தோ ஸ்பின்னை வைப்பீர்கள். டைகர் வூட்ஸின் பெயர் தாங்கிய பழைய கேம்களில், பந்து பறந்துகொண்டிருக்கும்போதே பொத்தானைத் தட்டித் தட்டிச் சுழற்றலாம். மெய்யான விளையாட்டில் எவருக்கும் கிட்டாத பேறு அது. புள்ளியைக் கீழே இறக்கினால் பேக் ஸ்பின், மேலே ஏற்றினால் டொப் ஸ்பின். டொப் ஸ்பின் என்று கேம் சொல்வது பல வேளைகளில் உண்மையான முன்சுழற்சி அன்று; பின்சுழற்சியைக் குறைப்பதுதான். அதனால் பந்து தாழப் பறந்து, விழுந்த பின் ஓடும்.

உங்கள் கேமில் பேக் ஸ்பின் பறக்கும் தூரத்தைத் தொடுகிறதா, விழுந்த பின் மட்டுந்தான் வேலை செய்கிறதா என்பதே கண்டறிய வேண்டியது. காற்றை அணைத்துவிட்டு, 9 அயர்னால் ஸ்பின் இல்லாமல் ஐந்து அடி, முழுப் பேக் ஸ்பின்னில் ஐந்து அடி அடியுங்கள். விழுந்த இடங்கள் ஒன்றாகவும் நின்ற இடங்கள் வேறாகவும் இருந்தால், உங்கள் கேம் எளியது; கேரியைக் கொடிவரை கொண்டுபோய் நிறுத்தலாம். விழுந்த இடமே பின்தங்கியிருந்தால், அந்த வித்தியாசத்தை எழுதிவைத்து, பேக் ஸ்பின் வைக்கும்போதெல்லாம் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கே எதை வைப்பது என்பதற்கு நான் பின்பற்றும் முறை இது. பின்காற்றிலும் இறக்கத்திலும் கிரீன் பந்தைப் பிடித்து வைக்காது, அங்கே பேக் ஸ்பின் உதவும். எதிர்க்காற்றில் அதைத் தவிர்க்கிறேன்; ஏற்கெனவே செங்குத்தாக விழப்போகிற பந்துக்கு அது தேவையில்லை, இயற்பியலைப் பின்பற்றும் கேம்களில் பந்து மேலெழுந்து தொங்கித் தூரத்தை இன்னும் இழக்கும். எதிர்க்காற்று 15 மைலுக்கு மேல் போனால் பெரிய மட்டையை எடுத்து, பலத்தைக் குறைத்து, தாழ அடிப்பதே நல்லது. கிரீனின் முன்பக்கம் திறந்திருந்து கொடி தொலைவில் இருந்தால் டொப் ஸ்பின்னோடு முன்னால் விழுத்தி ஓடவிடலாம். முன்னால் மணலோ நீரோ இருந்தால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும்.

வெட்ஜில் முழுப் பேக் ஸ்பின் வைப்பதற்கு ஓர் ஆபத்து உண்டு. நீரை நோக்கிச் சரிந்த கிரீன் ஒன்றில், கொடிக்கு இரண்டு யார் முன்னால் மிகச் சரியாக விழுத்தினேன். பந்து ஒரு முறை துள்ளி, நின்று, யோசிப்பது போல ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கி, கிரீனை விட்டு இறங்கி, கரையைக் கடந்து நீருக்குள் போனது. கணக்கு முழுவதும் சரி. சரிவை மட்டும் பார்க்கவில்லை. அன்று முதல், கிரீன் என் பக்கம் சரிந்திருந்தால் கொடிக்கு அப்பால் விழுத்துகிறேன், அல்லது ஸ்பின்னைப் பாதியாகக் குறைக்கிறேன்.

அந்த 158 யாருக்கே திரும்புவோம்

என் மருமகனின் மணற்குழி அடியை இந்த ஒழுங்கில் மறுபடி போட்டுப் பார்த்தோம். கொடிக்கு 158 யார். கிரீனின் முன்விளிம்புக்கு 153. கிரீன் 12 அடி உயரத்தில் இருந்தது, ஆகவே 4 யார் கூட்டி 162. பந்து ஃபெயார்வேயில், கிடப்பு நூறு சதவீதம், மாற்றம் இல்லை. காற்று மணிக்கு 12 மைல், அம்பு 5 மணியைக் காட்டியது. அதாவது இடப்பக்க முன்னாலிருந்து வலப்பக்கப் பின்னால் வீசுகிறது. பன்னிரண்டில் 87 சதவீதம் ஏறக்குறைய 10 மைல் எதிர்க்காற்று; பாதி, 6 மைல், வலப்புறம் தள்ளும் குறுக்குக் காற்று. 162 இல் நூற்றுக்குப் பத்து 16. ஆக 178 யார்.

158 என்று எழுதியிருந்த தூரம் 178 ஆகிவிட்டது. அவன் எடுத்த 7 அயர்ன் அந்தக் காற்றில் 16 யாரையும் ஏற்றத்தில் 4 யாரையும் இழந்து 146 யாரில் இறங்கியிருக்க வேண்டும். கிரீன் தொடங்குவதே 153 இல். மணலில் விழுந்ததில் வியப்பே இல்லை.

அவனுடைய ஆட்டக்காரனின் 6 அயர்ன் 178 யார் கேரி. எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் விழும் பந்து இரண்டு மூன்று யார்தான் உருளும் என்று கொப்பியில் இருந்ததால், 175 யாருக்கு விழும்படி பலத்தை முழுமைக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினான். ஸ்பின்னைத் தொடவில்லை. குறுக்குக் காற்றுக்கு, அந்த மட்டைக்கு மைலுக்கு ஒரு யார் என்று கொப்பி சொன்னபடி, குறியை ஆறு யார் இடப்புறம் நகர்த்தினான். நகர்த்திய பின் அம்பும் சிறிது திரும்பியதைக் கவனித்து என்னைப் பார்த்தான். அந்தச் சிறிய திருப்பத்துக்கு மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை என்றேன்.

பந்து இடப்புறமாக எழுந்து, நடுவழியில் வலப்பக்கம் சாய்ந்து, கொடியைத் தாண்டி இரண்டு யாரில் நின்றது. அவன் கத்திக்கொண்டு எழும்பவில்லை. கொப்பியை இழுத்து, 6 அயர்ன், எதிர்க்காற்று 10 என்ற வரியில் 16 ஐ வெட்டி 14 என்று எழுதப் போனான். "ஓரடியை வைச்சு மாத்தாதை, பக்கத்தில பென்சிலால எழுதி வை, இன்னும் நாலடி அடிச்சிட்டு மாத்துவம்" என்றேன். பென்சிலைத் தேடி எழுந்தவன், "மாமா, பின்காத்துக்கு எழுதினதும் பிழையா இருக்குமோ?" என்று கேட்டபடி பயிற்சித் திடலைத் திரும்பத் திறந்தான்.